பின்னால் ஒரு கிராமவாசி

இப்படிக் கிட்ட வந்து இருங்க தாயி. நாற்காலியை நல்லா இழுத்துப் போட்டுக்கிடுங்க. சத்தமாப் பேச முடியாது. வீட்டுக்காரி கொல்லையில ஆட்டுக்கு வேப்பங்குழை கட்டிக்கிட்டு இருக்கா, ஆனா காது இந்தப் பக்கந்தான் இருக்கும். ஊரு முழுக்கக் கேக்கும்படி மைக் செட்டு கட்டிப் பொழச்சவன் நான். இப்ப என் வீட்டுக்குள்ளயே உக்காந்து குசுகுசுன்னு பேசுதேன், பாத்துக்கிடுங்க.

நீங்க நம்பிராஜன் வீட்டுல இருந்துதான வாரிய. உங்க வண்டி அந்த முக்குல நின்னுட்டுக் கிளம்புன சத்தம் கேட்டுச்சு. சைலன்சர்ல எங்கயோ ஓட்டை இருக்கு, ஊருக்குப் போற வழியில காட்டிருங்க. அவன் வீட்டுல ஒரு ஆம்ப்ளிபயர் இருந்திருக்கும். அதுல மஞ்சப் பெயிண்டுல 'ஆவுடையம்மாள் ஒலிபெருக்கி நிலையம்'னு எழுதியிருக்கும். 'உங்க பொண்டாட்டி பேரு சரோஜால்லா, இது யாரு ஆவுடையம்மாள்'னு அவனைக் கேட்டிருப்பிய. அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, 'அண்ணாச்சியைக் கேளுங்க'ன்னு இங்க அனுப்பியிருப்பான். சரிதான.

ஆவுடையம்மாள் என் சம்சாரம். அந்த ஆம்ப்ளிபயர் என்னோடது. இதை நீங்க உங்க பத்திரிகையில எழுதணும். ஆனா எழுதவும் கூடாது. எப்படின்னு கேக்காதிய. நீங்கதான் படிச்சவுக, ஏதாவது ஒரு வழி பண்ணுங்க.

பேப்பர்ல வந்த அந்தப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டாம் தாயி. போனை உள்ள வையுங்க. எனக்கு அது மனப்பாடம். நெஞ்சளவு தண்ணியில நம்பிராஜன் வாரான். கைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி ஆவுடையைத் தோளோட சேத்துத் தூக்கியிருக்கான். அவ முகம் அவன் தோளுக்கு மேல, பின்பக்கமாத் திரும்பி இருக்கு. கொஞ்சம் தள்ளிப் பின்னால ஒரு ஆளு, தலையில பெட்டி, பெட்டியைச் சுத்திப் பட்டுச்சேலை. அந்த ஆளு சிரிச்சுக்கிட்டு வாரான். அது நான்தான்.

பரிசு கொடுத்தவுக அந்தப் படத்தைப் பத்தி என்ன எழுதியிருந்தாவன்னு கிளாட்வின் தம்பி வாசிச்சுக் காட்டுனாவ. கிளாட்வின்தான் படம் எடுத்த போட்டோக்காரர், தூத்துக்குடிக்காரர். 'இழந்த வீட்டைத் திரும்பிப் பார்க்கும் இந்தப் பெண்ணின் கண்களில் ஓர் ஊரின் துயரம் முழுவதும் தெரிகிறது' அப்படின்னு எழுதியிருந்தாவளாம். தாயி, எங்க வீடு அந்தத் தெருவுல இடப்பக்கம் இருக்கு. அவ பாக்கது நேரே. நேரே நான்தான் வாரேன்.

சரி, மொதல்ல இருந்து சொல்லுதேன். நடுவுல அவ வந்துட்டான்னா நாம வாழைக்காய் விலையைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம், ஞாபகம் வச்சுக்கிடுங்க.

அந்த மார்கழியில மழை விடாமப் பேஞ்சுச்சு. ஆத்துல தண்ணி ஏறுதுன்னு தெரியும். ஆனா எங்க தெரு மேடு. எந்த வெள்ளத்துக்கும் ஊரே எங்க தெருவுலதான் வந்து ஒதுங்கும். அந்தக் கர்வம் எனக்கும் உண்டு. காலையில சாயா குடிச்சுக்கிட்டு இருக்கேன், தூரத்துல மேளம் அடிச்சுக்கிட்டு வார மாதிரி ஒரு சத்தம். 'ஏட்டி, எங்கயோ ஊர்வலம் வருது'ன்னேன். 'இந்த மழையில எவன் ஊர்வலம் போவான், மேலக்குளம் என்னாச்சுன்னு போய்ப் பாருங்க'ன்னா. அதுக்குள்ள குளம் உடைஞ்சு வாசப்படி முங்கிட்டு.

அவளுக்கு ரெண்டு முட்டும் பழுது. தரையில மெதுவா நடந்துருவா. படி ஏற இறங்கன்னா ஒரு கை வேணும். தண்ணிக்குள்ள காலை ஊணி நடக்கதெல்லாம் ஆகாத காரியம். அவளைத் தூக்கிக் கட்டில் மேல உக்கார வச்சேன். நான்தான் வச்சேன். அதை எந்தப் பேப்பர்லயும் எழுதலை.

அடுத்தது ஆம்ப்ளிபயர். அதை நீங்க வெறும் பெட்டின்னு நெனச்சிரக் கூடாது. இப்ப வார டப்பா மாதிரி இல்ல. வால்வு செட்டு. போட்ட உடனே பேசாது, உள்ள வால்வு சூடேறி, சிவந்து, அப்புறந்தான் வாயைத் தொறக்கும். தொறந்தா, பாடுறவுக மூச்சு விடுறது கூடக் கேக்கும். கல்யாணம் ஆன வருசம் மதுரைக்குப் போயி வாங்கியாந்தேன். எத்தனை கோயில் கொடை, எத்தனை கல்யாணம், எத்தனை சாவு. நம்பிராஜன் அப்ப என்கிட்டதான் வேலை பாத்தான். மரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவான். பிறகு சொந்தமாப் பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டியா வாங்கிப் போட்டுத் தொழிலை அவன் பக்கம் இழுத்துக்கிட்டான். அதுல இருந்து எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு பெட்டிதான். அதுல தண்ணி பட்டா அதோட அது சவம்.

போர்வையில சுத்துனேன், நனைஞ்சிட்டு. பாலித்தீன் தேடுனேன், கிடைக்கலை. பீரோ மேல்தட்டுல நனையாம இருந்தது அவ கல்யாணப் பட்டு ஒண்ணுதான். அதை எடுத்து ரெண்டு மடிப்பா மடிச்சு, மூலை முடுக்கெல்லாம் செருகி, கயிறு போட்டுக் கட்டுனேன். அவ கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தா. அவளுக்கும் சம்மதந்தான்னு நெனச்சேன்.

'ஏட்டி, இரு, இதைப் பள்ளிக்கூட மாடியில வச்சுட்டு இந்தா வந்துருதேன்'னேன்.

'பதனமாப் போங்க, கீழ போட்டுராதிய'ன்னா.

அந்த நேரத்துலயும் எவ்வளவு அக்கறை பாருங்க.

தெருவுல தண்ணி இடுப்பைத் தாண்டிட்டு. பெட்டி கனம். நடை நகரலை. எதிர்ல நம்பிராஜன் வாரான். அவன் செட்டெல்லாம் வாய்க்கால் ஓரத்துக் கொட்டகையில இருந்துச்சு. அது அத்தனையும் மிதந்து போறதைப் பாத்துட்டு வாரான். முகம் வெளிறிப் போயி இருக்கு. என்னையப் பாத்ததும், 'அண்ணாச்சி, மதினி எங்க'ன்னான். அத்தனை வருசம் கழிச்சு அவன் என்கிட்ட பேசுன மொதப் பேச்சு அது.

'உள்ள கட்டில்ல இருக்கா. ஏல, இந்தப் பெட்டியை ஒரு கை பிடியேன்'னேன்.

பெட்டியைப் பாத்தான். பெட்டியில சுத்தியிருந்த சேலையைப் பாத்தான். என்னையப் பாத்தான். நீந்திக்கிட்டே எங்க வீட்டுக்குள்ள போயிட்டான். மரியாதை தெரியாதவன். ஒரு கை பிடிச்சிருந்தான்னா ரெண்டு பேருமாத் திரும்பி வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம். அதையும் யாரும் யோசிக்க மாட்டாவ.

கொஞ்ச நேரத்துல அவளைத் தூக்கிக்கிட்டு என்னையத் தாண்டிப் போறான். கட்டில் அளவுக்குத் தண்ணி ஏறிட்டாம். அவ முந்தானை சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு. முகம் என் பக்கமா இருக்கு. என்னையே பாத்துக்கிட்டு போறா. எனக்கு என்ன செய்யன்னு தெரியலை. ரெண்டு கையும் பெட்டியைப் பிடிச்சிருக்கு. சிரிச்சேன். 'இந்தா வாரேன்'னு சொன்னேன். பாத்துக்கிட்டேதான் போனா.

அந்த நேரம் பாத்துத்தான் கிளாட்வின் தம்பி பள்ளிக்கூட வாசல்ல நின்னு படம் எடுத்திருக்காவ.

அவுகளைக் குத்தம் சொல்ல மாட்டேன் தாயி. கடற்கரை ஊர்க்காரவுக படகைக் கொண்டாந்தப்ப அதுல ஏறி வந்தவுக. கேமராவைப் பாலித்தீன் பையில கட்டி, கண்ணாடி மட்டும் வெளிய தெரியும்படி வச்சிருந்தாவ. குளிர்ல தாடை கிடுகிடுன்னு ஆடுது. படத்தை எடுத்துட்டுக் கேமராவை முதுகுல போட்டுக்கிட்டு, வாரவுகளைக் கை கொடுத்து மேல ஏத்துனாவ. என் பெட்டியைக் கூட ஒரு பக்கம் பிடிச்சாவ. நம்பிராஜன் செய்யாததை அவுக செஞ்சாவ.

படத்தை உடனே ஆபீசுக்கு அனுப்பணுமாம். டவர் போகுது, வருது. அவசர அவசரமா ஆவுடைகிட்ட, 'அம்மா, உங்க பேரு'ன்னு கேட்டாவ. சொன்னா. 'உங்க வீட்டுக்காரர் பேரு'ன்னாவ. எங்க காலத்துப் பொம்பளை தாயி. கழுத்துல கத்தியை வச்சாலும் வீட்டுக்காரன் பேரைச் சொல்ல மாட்டாவ. ரேஷன் கடையிலயே அட்டையை நீட்டுவாளே தவிரச் சொல்ல மாட்டா. என் பக்கமாத் தாடையை ஆட்டிக் காட்டுனா. நான் பெட்டியை இறக்கிக்கிட்டு பின்னால நிக்கேன். நடுவுல நம்பிராஜன் நிக்கான். கிளாட்வின் தம்பி தாடை காட்டுன பக்கம் பாத்தாவ, நம்பிராஜன்தான் தெரிஞ்சான். 'உங்க பேரு என்னண்ணே.' 'நம்பிராஜன்.' எழுதிக்கிட்டாவ.

நான் பக்கத்துலதான் நின்னேன். காதுல விழுந்துச்சு. எனக்குக் காது நல்லாவே கேக்கும். ஆனா சேலை முடிச்சு இறுகிக் கிடக்கு, உள்ள தண்ணி போச்சா இல்லையான்னு தெரியலை, அந்தப் பதட்டத்துல இருந்தேன்.

பள்ளிக்கூட முகாமுக்குச் சோத்துப் பொட்டலத்தோட பேப்பரும் வந்துச்சு. டீக்கடை ஐயம்பெருமாள்தான் எல்லாருக்கும் வாசிச்சான். அவனுக்குச் சாதாரணமாவே வாய் நீளம். 'வெள்ளத்தில் சிக்கிய மனைவி ஆவுடையம்மாளைச் சுமந்து வரும் கணவர் நம்பிராஜன். பின்னால் உடைமையுடன் கிராமவாசி ஒருவர்.'

வாசிச்சு முடிச்சுட்டு பேப்பரைக் கீழ இறக்கி, 'வே சங்கரபாண்டி, இந்தக் கிராமவாசி யாரும்வே, நம்ம ஊர்ல பாத்த மாதிரியே இருக்கு'ங்கான்.

அன்னைக்கு ஆரம்பிச்சது. சங்கரபாண்டிங்கிற பேரு எனக்கு அதோட போச்சு. கடைக்குப் போனா, 'கிராமவாசிக்கு ஒரு சாயா.' பஸ்சுல ஏறுனா, 'கிராமவாசி, உடைமையைப் பதனமா வையும்.' சலூன்ல உக்காந்தா, 'ஏன்வே சிரிச்சீரு, யாராவது ஜோக்கு சொன்னாவளா.' படத்துல என் பல்லு தெரியுதுல்லா, அதைச் சொல்லுதானுவ. நான் வெளிய போறதையே விட்டுட்டேன். ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கூட ஊரைச் சுத்திப் பின்பக்கமாத்தான் போவேன்.

ஐயம்பெருமாள்கிட்ட ஒருநா சொல்லிப் பாத்தேன். 'வே, பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு வாசியும். ஆவுடையம்மாள்னு எழுதியிருக்கு. அவ பேரைத்தான நான் தலையில தூக்கிட்டு வந்தேன்.' அவன் சிரிக்கக் கூட இல்ல. கிளாசைக் கழுவிக்கிட்டே, 'இதை வீட்டுல போய்ச் சொல்லிராதியும்'னான். ஏன் அப்படிச் சொன்னான்னு இன்னும் எனக்கு விளங்கலை.

நம்பிராஜன் பொண்டாட்டி சரோஜா வேற வெளியவே வரலையாம். அழுதாளாம். அவளுக்கு என்ன வந்துச்சு, அவ புருசனைத்தான நல்லவனாப் போட்டுருக்கு.

ஆவுடை மட்டும் ஒண்ணும் கேக்கலை. சோறு போட்டா. துணி துவைச்சா. அந்தப் பட்டுச்சேலையை அலசிக் காயப் போட்டு மடிச்சு வச்சா. அதுல ஆத்து மண்ணு ஏறி சரிகை கறுத்துப் போச்சு. தங்கமானவ.

அப்புறம் கிளாட்வின் தம்பி ஒருநா வீட்டுக்கே வந்தாவ. படத்துக்கு வெளிநாட்டுல ஏதோ பெரிய பரிசாம். எத்தனையோ நாட்டுல இருந்து நிலநடுக்கம், தீ, புயல்னு வந்த படத்துல எல்லாம் இதைத்தான் எடுத்தாவளாம். அதைச் சந்தோசமாச் சொல்லணும்லா. இந்த மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. 'அண்ணாச்சி, பேரைத் தப்பாப் போட்டுட்டேன். உங்க ஊர்ல இருந்து ஒருத்தரு போன் பண்ணிச் சொன்னாரு. எனக்குத் தூக்கமே இல்ல. திருத்தம் போடச் சொல்லிருதேன்'னாவ.

'எப்படிப் போடுவிய'ன்னேன்.

'தூக்கி வாரது அதே ஊர்க்காரரு நம்பிராஜன்னும், பின்னால பெட்டியோட வாரவருதான் கணவர்னும் போடணும்.'

இப்ப ஊருக்கு மட்டுந்தான் தெரியும். திருத்தம் போட்டா வெளிநாட்டுக்காரன் வரைக்கும் தெரியும்லா. 'என்னைய வெட்டி எடுத்துருங்களேன். ஓரமாத்தான நிக்கேன்'னேன். முடியாதாம். எடுத்த படத்துல ஒரு துரும்பைக் கூட எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாதாம், பரிசே போயிருமாம். 'அதுவுமில்லாம நீங்க இல்லைன்னா அந்தப் படமே இல்ல அண்ணாச்சி. அம்மா எதைத் திரும்பிப் பாக்காங்கன்னு தெரிய வேணும்லா'ன்னுட்டு, சொன்ன பிறகு நாக்கைக் கடிச்சுக்கிட்டாவ.

யோசிச்சேன். இந்தப் பக்கம் போனாலும் மானம் போவுது, அந்தப் பக்கம் போனாலும் போவுது. எது கம்மியாப் போவும்னு பாத்தேன். 'தம்பி, திருத்தமெல்லாம் வேண்டாம். கணவர் நம்பிராஜன்னே இருக்கட்டும். பேப்பருதான'ன்னு சொல்லிட்டேன்.

அவுக என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாவ. 'அண்ணாச்சி, உங்க சம்சாரம் அண்ணாச்சி.'

'அதுக்கென்ன, போட்டோவுலதான.'

திரும்புனா, அவ காபியோட நிலைப்படியில நிக்கா. எப்ப வந்தான்னு தெரியாது. அவ கால் இழுத்து நடக்குற சத்தம் எனக்குக் கேக்காமப் போனது அன்னைக்குத்தான். காபியை வாங்கிக் குடிச்சேன். ஆறிப் போயி ஆடை கட்டியிருந்துச்சு.

அதுக்குப் பிறகு தூத்துக்குடியில கிளாட்வின் தம்பிக்குப் பாராட்டு விழா. பெரிய அதிகாரி எல்லாம் வாராவ. மேடையில நிக்கணும்னு அழைப்பிதழ்ல 'நம்பிராஜன் - ஆவுடையம்மாள் தம்பதியர்'னு அச்சடிச்சு அனுப்பிட்டாவ. நம்பிராஜன் அந்தக் காகிதத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கான். 'அண்ணாச்சி, நான் போவ மாட்டேன். சரோஜா சோறு போட மாட்டேங்கா.' 'ஏல, ஒரு நேரம் மேடையில நின்னுட்டு வரதுக்கு என்னல. போயிட்டு வா'ன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அவன் கண்ணுல தண்ணி நிக்குது. என் கண்ணைப் பாக்க மாட்டேங்கான்.

ஆவுடைதான் பேச்சை முடிச்சா. 'நான் போறேன். நம்பியும் வரட்டும். சரோஜாவும் வரட்டும். நீங்களும் வாங்க. எல்லாரும் ஒரே வண்டியில போவோம்.'

போனோம். நான் கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டேன். மண்டபத்துல மைக்கு கூவுது. ஸ்பீக்கரை மைக்கைப் பாத்து வச்சிருக்கான், ஆக்கங்கெட்டவன். எழுந்து போயித் திருப்பி வைப்போமான்னு கை பரபரங்குது, ஆனா எழுந்தா முகம் தெரிஞ்சிருமே. மேடைக்குப் பின்னால சுவரு அளவுக்கு அந்தப் படத்தை மாட்டியிருக்காவ. என் பல்லு ஒவ்வொண்ணும் தேங்காச்சில்லு கணக்கா இருக்கு. பக்கத்துல இருந்தவரு, 'இவ்வளவு பெரிய வெள்ளத்துல ஒருத்தன் சிரிச்சுக்கிட்டு வாரான் பாத்திங்களா, என்ன ஜென்மமோ'ன்னாரு. 'ஆமா சார்'னேன்.

மேடையில ஏத்தி நிப்பாட்டுனாவ. பேசிக்கிட்டு இருந்த பொண்ணு, 'அம்மா, உங்க கணவர் உங்களைத் தூக்கும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு'ன்னு கேட்டுச்சு. ஆவுடை மைக்கை வாங்குனா.

'இவுக என் வீட்டுக்காரர் இல்ல. இவுக நம்பிராஜன். அந்தா பச்சைச் சேலையில உக்காந்திருக்காளே சரோஜா, அவ வீட்டுக்காரர். எங்க வீட்டுக்காரர், படத்துல பின்னால தலையில பெட்டியோட வாராவல்லா, அவுக.'

கரண்டு போன மாதிரி ஆயிட்டு மண்டபம். நான் குனிஞ்சு செருப்பைத் தேடுனேன். பின்வாசல் எந்தப் பக்கம்னு பாத்தேன். அவ நிறுத்தலை.

'நம்பிராஜன் ரேடியோ செட்டு வச்சுப் பொழைக்கவரு. செட்டெல்லாம் வெள்ளத்துல போவுது. அதை விட்டுட்டு என்னையத் தூக்க வந்தாரு. அவரு பொழப்புக்குன்னு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பெட்டி. அதை எங்க வீட்டுக்காரர் தலையில வச்சுக் கொண்டாந்தாவ. தண்ணி படக்கூடாதுன்னு என் கல்யாணப் பட்டையே எடுத்துச் சுத்துனாவ. எனக்கு நம்பிராஜன் இருக்காரு, அந்தப் பெட்டிக்கு யாரு இருக்கா. அதான் எங்க வீட்டுக்காரர் அதைத் தூக்குனாவ.'

தாயி, அந்தக் கைத்தட்டல் இருக்கே. நான் எத்தனையோ கூட்டத்துக்கு மைக் கட்டியிருக்கேன், அப்படி ஒரு கைத்தட்டல் கேட்டதில்லை. என்ன ஜென்மமோன்னு சொன்ன மனுசனே எழுந்து நின்னு தட்டுறாரு. என்னையத் தேடிப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. பொன்னாடை போட்டாவ. அதிகாரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இதுதான் மனுசத்தனம்னு ஏதோ சொன்னாரு. அந்தப் பொன்னாடை கழுத்துல அரிச்ச அரிப்பு எனக்குத்தான் தெரியும். கிளாட்வின் தம்பி மட்டும் கேமராவைக் கழுத்துல தொங்கவிட்டுட்டு, படம் எடுக்காம நின்னாவ.

வண்டியில திரும்பி வந்தோம். சரோஜா ஆவுடை கையை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டே வந்தா. வீட்டுக்கு வந்து, 'ஏட்டி, ஒரே பேச்சுல எல்லாருக்கும் மானத்தைக் காப்பாத்திட்டியே'ன்னேன். 'இன்னும் முடியலை'ன்னா. மறுநா காலையில விளங்கிச்சு.

'தூக்குங்க'ன்னா.

'எதை.'

'நம்பிராஜன் பெட்டியை.'

'ஏட்டி, அது மேடையில சொன்னதுல்லா. உனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு.'

'பேப்பர்ல வந்துட்டு. நாளைக்கு எவராவது வந்து, எங்க அந்தப் பெட்டின்னு நம்பியைக் கேப்பாவ. அது நம்ம வீட்டுல இருந்தா கேவலம் உங்களுக்கா, எனக்கா.'

எனக்காகத்தான சொல்லுதா. மாட்டேன்னு சொன்னா மேடையில போட்ட பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கணும். தலையில தூக்கி வச்சுக்கிட்டேன். அவ முன்னால நடக்கா, நான் பின்னால போறேன். ஐயம்பெருமாள் கடையில உக்காந்திருந்தவனுவ எல்லாம் எழுந்து எங்க பின்னாலயே வந்துட்டானுவ. 'கிராமவாசி கிளம்பிட்டாருவே'ன்னு ஒருத்தன் சொன்னான், 'சும்மா இருல'ன்னு ஐயம்பெருமாளே அவனை அடக்கிட்டான்.

நம்பிராஜன் பெட்டியைத் தொட மாட்டேன்னுட்டான். 'மதினி, இது அண்ணாச்சி உசுரு. எனக்கு வேண்டாம். அதுல உங்க பேரு வேற எழுதியிருக்கு.'

'என் பேரு எந்த வீட்டுல பத்திரமா இருக்கும்னு எனக்குத் தெரியும், நீ வாங்கி வையி'ன்னா. பிறகு என் பக்கம் திரும்பி, 'இஞ்சேருங்க. ஊரே நிக்குது. இது யாரு பெட்டின்னு நீங்களே சொல்லுங்க'ன்னா.

'நம்பிராஜனுது'ன்னேன். மைக்கு இல்லாமலே எல்லாருக்கும் கேட்டுச்சு.

அதான் தாயி உங்களைக் கேக்கேன். அந்தப் பெட்டி என்னோடதுன்னு எப்படியாவது எழுதுங்க. ஆனா வெள்ளத்துல நான் தூக்குனது என்னோடதைன்னு எழுதிராதிய. முழிக்காதிய, மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் கேட்டாத்தான் அவ எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரின்னு உங்களுக்குத் தெரியும்.

அன்னைக்குக் காலையில அவ தலையை முடிஞ்சுட்டு வாரேன்னு உள்ள போன நேரத்துல, நான் பெட்டியோட பின்மூடியைக் கழத்தி, உள்ள இருந்த ஒரு வால்வை உருவி மடியில செருகிக்கிட்டேன். கண்ணாடி வால்வு, சுண்டுவிரல் கனந்தான் இருக்கும். அது இல்லைன்னா அந்த ஆம்ப்ளிபயர் வெறும் தகரம். இப்ப எந்தக் கடையிலயும் கிடைக்காது. நம்பிராஜன் போட்டுப் பாப்பான், பேசாது, ஓட்டைப் பெட்டின்னு திருப்பிக் கொண்டாந்து வச்சிருவான்னு ஒரு கணக்கு. யாரும் பாக்கலை. சத்தியமாப் பாக்கலை.

பெட்டியை உள்ள வச்சாச்சு. நான் முன்னால இறங்கித் தெருவுக்கு வந்துட்டேன். அவ அவன் வீட்டு வாசல்ல நிக்கா. அங்க படி கொஞ்சம் உசரம். நம்பிராஜன் அவளைப் பிடிக்க வந்தான். 'நீ இருப்பா'ன்னுட்டா. சரோஜா வந்தா. அவளையும் வேண்டாம்னுட்டா. மேல நின்னுக்கிட்டு என்னையவே பாத்தா. பாத்துட்டு, வலது கையை என் பக்கமா நீட்டுனா. உள்ளங்கை விரிஞ்சிருக்கு. அத்தனை பேரும் பாக்க, அப்படியே நீட்டிக்கிட்டு நிக்கா.

மடியில வால்வு இருக்கது இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது. உள்ள இருந்தவளுக்கு, நான் மூடியைக் கழத்துன சத்தம் கேட்டிருக்குமோ. என் கூடவே இருந்து இருந்து அவளுக்கும் காது அப்படி ஆயிட்டு போல. இனி மறைச்சு என்ன செய்ய. படி ஏறிப் போயி, மடியை அவுத்து, வால்வை எடுத்து அவ உள்ளங்கையில வச்சேன்.

அவ அதைக் குனிஞ்சு பாத்தா. என்னன்னே தெரியாதவ மாதிரி ரொம்ப நேரம் பாத்தா. என்ன நடிப்புங்கிய. அப்புறம் திரும்பி அதை நம்பிராஜன் கையில கொடுத்துட்டு, நிலையைப் பிடிச்சு, சுவரைப் பிடிச்சு, பக்கவாட்டுல ஒவ்வொரு காலா வச்சு, யாரு கையும் தொடாமப் படியிறங்கி, என்னையத் தாண்டி நடந்து போனா.